ஏழு வருடம் அலமாரியில் கிடந்த கைப்பிரதி

என் தாத்தா உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் சனிக்கிழமை மாலைகளில் வெள்ளை ஜிப்பாவும் துணிப்பையுமாகப் பஸ் நிலையத்துக்குப் போய், சுவிசேஷம் அச்சடித்த கைப்பிரதிகள் கொடுத்துவிட்டு வருவார். சிறுவயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பத்தடி தள்ளிப் போய்க் கீழே போட்டுவிடுவார்கள். அதில் வேர்க்கடலை மடித்துக் கொடுத்த கடைக்காரரையும் பார்த்திருக்கிறேன். எனக்குத்தான் முகம் சுருங்கும். தாத்தா குனிந்து, கிழியாத தாள்களைப் பொறுக்கித் தூசு தட்டிப் பைக்குள் வைத்துக்கொள்வார். பஸ்ஸில் திரும்பும்போது அவர் அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. “ஐயா, சீனாவிலே ஒருவன் இப்படித்தான் வாங்கினான். ஏழு வருடம் அலமாரியில் போட்டு வைத்திருந்தான். எடுத்துப் படித்த பிறகு ஒரு சாம்ராஜ்யமே ஆடிப்போயிற்று. அவர்கள் மட்டும் ஜெயித்திருந்தால் இன்றைக்குச் சீனா முழுவதும் ஆலயமணி கேட்டிருக்கும்.”

தாத்தா காலமாகிப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என்னை விடவில்லை. கல்லூரி நாட்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீனாவின் தைப்பிங் புரட்சியைப் பற்றி முதன்முறையாக விரிவாகப் படித்தபோது, தாத்தா சொன்ன கைப்பிரதிக் கதை உண்மை என்று தெரிந்து மகிழ்ந்தேன். அடுத்த பக்கங்களில் இரண்டு கோடி, மூன்று கோடி என்று இறந்தவர்களின் கணக்கு வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்போதிருந்து அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். அவர்கள் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாத்தா சொன்ன மணியோசை கேட்டிருக்குமா?

கைப்பிரதியை வாங்கியவர் ஹோங் சியூச்சுவான். குவாங்சோ நகரத்துக்கு வடக்கே, தனிப் பேச்சுமொழி கொண்ட ஹக்கா சமூகத்தின் விவசாயக் குடும்பம் ஒன்றில் 1814இல் பிறந்தவர். அரசுப் பணித் தேர்வில் இவர் தேறிவிட்டால் குடும்பம் மேலேறிவிடும் என்று மொத்த உறவும் காசு சேர்த்துப் படிக்க வைத்தது. நான்கு முறை எழுதி நான்கு முறையும் தோற்றார். 1836இல் தேர்வெழுத வந்த இடத்தில்தான் அது கைக்கு வந்தது. எழுதியவர் லியாங் ஃபா என்ற சீனர். அச்சுக்கட்டை செதுக்கும் தொழிலாளியாக இருந்து சுவிசேஷகரானவர். வாங்கியவர் சரியாகப் புரட்டிப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு மூன்றாவது தோல்விக்குப் பின் படுத்த படுக்கையாகி, காய்ச்சலில் ஒரு தரிசனம் கண்டார். பொன்னிறத் தாடி வைத்த ஒரு முதியவர் அவர் கையில் வாளைக் கொடுத்துப் பேய்களை அழிக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற நடுவயதுக்காரரை ஹோங் ‘அண்ணன்’ என்று அழைத்தார். 1843இல், நான்காவது தோல்விக்குப் பிறகு, உறவினர் ஒருவர் அந்த நூலை இரவல் வாங்கிப் படித்துவிட்டு, நீயும் படி என்றார். படித்ததும் ஆறு வருடத்துக்கு முந்திய கனவுக்கு ஹோங்குக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது. முதியவர் பிதாவாகிய கடவுள். அண்ணன் இயேசு. அப்படியானால் தம்பி தான்தான்.

அதற்குப் பின் நடந்தவை பலருக்கும் தெரிந்த கதை. குவாங்சி மலைகளில் கரி சுடுகிறவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் ஏழை விவசாயிகளுமாக ஒரு சபை திரண்டது. 1851 ஜனவரியில் ஜிந்தியான் கிராமத்தில், அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தாரின் சிங் அரசுக்கு எதிராகக் கொடியேற்றினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1853 மார்ச்சில், நாஞ்சிங் அவர்கள் கையில். பெருஞ்சமாதானத்தின் (தைப்பிங்) பரலோக ராஜ்யம் என்று நாட்டுக்குப் பெயர் வைத்து, பதினோரு ஆண்டுகள் அங்கிருந்து ஆண்டார்கள்.

ஏற்கெனவே ஒருமுறை ஜெயித்தவர்கள்

இந்தக் கேள்வியை எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் போர்க்களத்திலிருந்து தொடங்குகிறார்கள். 1853 மே மாதம் சுமார் 20,000 பேரை மட்டும் வடக்கே அனுப்பாமல் முழுப்படையும் போயிருந்தால் பெய்ஜிங் விழுந்திருக்கும் என்பார்கள். அந்தச் சிறுபடையே அக்டோபரில் தியான்ஜின் வாசல் வரை போய்விட்டது. தென்னாட்டு வீரர்கள் பனியிலும் பசியிலும் விறைத்து, 1855க்குள் முழுவதுமாக அழிந்தார்கள். நானும் பல காலம் இந்த இடத்திலேயே நின்றேன். என் யோசனையைத் திருப்பியது, இதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதே நாஞ்சிங்கில் நடந்த ஒன்று.

சீன வரலாற்றில் ஒரு மதக் கிளர்ச்சி உண்மையாகவே ஜெயித்திருக்கிறது. 1350களில் மங்கோலிய யுவான் ஆட்சியை எதிர்த்து எழுந்த செந்தலைப்பாகைக்காரர்கள், மைத்ரேய புத்தர் இறங்கி வரப்போகிறார், ஒளியின் அரசன் தோன்றப்போகிறான் என்று நம்பியவர்கள். பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பெற்றோரை இழந்து, கோயிலில் துறவியாகி, பிச்சையெடுத்துத் திரிந்த ஜூ யுவான்சாங் 1352இல் அவர்களோடு சேர்ந்தார். 1356இல் நாஞ்சிங்கைப் பிடித்தார். பத்து ஆண்டுகள் அங்கே காலூன்றி, சுற்றியிருந்த போட்டியாளர்களை ஒவ்வொருவராக ஒழித்துவிட்டு, 1367இல் 2,50,000 பேரை வடக்கே அனுப்பினார். மறுவருடம் யுவான் தலைநகரம் விழுந்தது. மிங் வம்சம் பிறந்தது.

நகரம் அதே நாஞ்சிங். வடக்கே போகும் திட்டமும் அதே. வேறுபாடு எதில் என்று பார்த்தால், ஜூ யுவான்சாங் ஜெயிப்பதற்கு முன்பே தன் மதத்தைக் கைவிட்டுவிட்டார். 1366இல் எதிரிக்கு எதிராக வெளியிட்ட பிரகடனத்திலேயே, மைத்ரேயர் பெயரால் ஜனங்களை மயக்குகிறவர்கள் என்று தான் எழுந்துவந்த இயக்கத்தையே பழித்தார். ஒளியின் இளவரசர் என்று அவர் அதுவரை பெயரளவில் வணங்கிவந்த ஹான் லின்அர், ஜூவின் ஆட்கள் அழைத்துவந்த வழியில் படகு கவிழ்ந்து மூழ்கிப்போனார். அரியணை ஏறியதும் வெண்தாமரை, மைத்ரேயர் வழிபாட்டுக் கூட்டங்களைச் சட்டம் போட்டுத் தடை செய்தார். கன்பூசிய அறிஞர்கள் அரசவைக்குத் திரும்பினார்கள், தேர்வுகள் திரும்பின. கிளர்ச்சி வென்றது. அதைக் கிளப்பிய நம்பிக்கை குற்றமாயிற்று.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு தாத்தாவின் கேள்வியை நான் வேறு விதமாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. தைப்பிங்கில் ஜூ யுவான்சாங் ஆகியிருக்கக் கூடியவர் யார்? ஹோங்கால் அது முடியாது. தரிசனத்தைக் கழித்துவிட்டால் அவர் நான்கு முறை தேர்வில் தோற்ற கிராமத்து வாத்தியார். கடவுளின் இரண்டாம் குமாரன் என்பதைத் தவிர அரியணையில் உட்கார அவருக்கு எந்த உரிமையும் இல்லை. அந்த நம்பிக்கையைக் கைவிடுவது அவருக்குத் தன்னையே கைவிடுவது.

முடிந்திருக்கக் கூடியவர் ஒருவர் இருந்தார்.

1856 செப்டம்பர் 2

யாங் சியூச்சிங் கரி சுட்டுப் பிழைத்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். 1848இல் ஹோங் ஊரில் இல்லாமல் சபை கலங்கி நின்ற நேரத்தில், யாங்கின் வாய் வழியாகப் பிதா பேசத் தொடங்கினார். சில மாதங்களில் சியாவ் சாவ்குய் என்பவர் வழியாக இயேசுவும் பேசினார். இருவரையும் ஹோங் ஏற்றுக்கொண்டார். தானே ஒரு தரிசனத்தின் மேல் நிற்கிறவர், வேறொருவருடைய அருள்வாக்கை எப்படிப் பொய் என்பார்? சியாவ் 1852இல் சாங்ஷா முற்றுகையில் இறந்தார். யாங் ‘கிழக்கின் அரசர்’ என்ற பட்டத்தோடு படை, உளவு, நிர்வாகம் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். குவாங்சி காட்டிலிருந்து நாஞ்சிங் வரை நடந்த அந்த அசாத்தியமான படையெடுப்பின் மூளை அவர் என்றே நான் நினைக்கிறேன்.

இவருடைய பிதா விசித்திரமானவர். பெரும்பாலும் அரசியல் தேவைப்படும் நேரத்தில்தான் இறங்கி வருவார். 1853 டிசம்பரில் அரண்மனைப் பெண்களைக் கொடுமையாக நடத்தியதற்காக ஹோங்குக்கே பிரம்படி விதித்தார். அடிபடத் தயாராகப் பரலோக அரசர் தரையில் குப்புற விழுந்த பிறகுதான் பிதா மனமிரங்கினார். 1854இல் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. கன்பூசிய நூல்களையெல்லாம் பேய் நூல்கள் என்று ஹோங் எரிக்கச் சொல்லியிருந்தார். யாங்கின் வாய் வழியே இறங்கிய பிதா, பழைய நூல்களிலும் நல்லவை நிறைய உண்டு, எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டாம் என்றார். இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. எழுத்தறியாத ஒரு கரிக்காரர், புத்தகம் எரிக்கும் அரசை நாட்டின் படித்த வர்க்கம் மன்னிக்காது என்று கண்டுகொண்டிருக்கிறார். அதே 1854இல்தான் ஹூனான் மாகாணத்தில் செங் குவோஃபான் தன் பிரகடனத்தை வெளியிட்டார். கன்பூசியஸும் அவர் வழிவந்த ஞானி மென்சியஸும் பாதாளத்தில் அழுதுகொண்டிருக்கிறார்கள், படித்தவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கலாமா என்று அதில் கேட்டார். தைப்பிங்கைக் கடைசியில் தோற்கடித்தவை சிங் பேரரசரின் பழைய படைகள் அல்ல; இந்தப் பிரகடனத்தின் பின்னால் ஊர் ஊராகத் திரண்ட, படித்த குடும்பங்கள் நடத்திய படைகள். அந்த அபாயத்தை நாஞ்சிங்கிலேயே ஒருவர் உணர்ந்திருந்தார் என்பதுதான் என்னை உலுக்கியது.

1856 ஜூனில் நாஞ்சிங்கின் தலைமாட்டில் மூன்று ஆண்டுகளாக முகாமிட்டிருந்த சிங் படையை யாங்கின் திட்டம் சிதறடித்தது. தைப்பிங் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு உயரத்தில் நின்றதில்லை. ஆகஸ்டில் பிதா மீண்டும் இறங்கினார். பேரரசருக்கு மட்டுமே உரிய ‘பதினாயிரம் ஆண்டு வாழ்க’ என்ற வாழ்த்து கிழக்கின் அரசருக்கும் வேண்டும் என்றார். ஹோங் பணிந்து சம்மதித்தார். பிறகு, களத்திலிருந்த வடக்கின் அரசர் வெய் சாங்ஹுய்க்கு இரகசியமாக ஆள் அனுப்பினார்.

செப்டம்பர் 2 விடிவதற்கு முன் வெய்யின் ஆட்கள் யாங்கின் மாளிகைக்குள் புகுந்தார்கள். யாங்கும் மனைவிமாரும் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் கொல்லப்பட்டார்கள். யாங்கை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான வீரர்கள் நகரத்துக்குள் மிச்சமிருந்தார்கள். அப்போது நாஞ்சிங்கில் இருந்த ஓர் ஐரோப்பியக் கூலிப்படை வீரனின் விவரிப்பில் அடுத்து நடந்தது வருகிறது. அளவு மீறிக் கொன்றதற்காக வெய்க்குப் பிரம்படி கொடுக்கப்போகிறோம், வந்து பாருங்கள் என்று அவர்களை அரசரின் பெயரால் அழைத்தார்கள். நம்பி வந்தவர்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டுக் கூடங்களுக்குள் போனார்கள். கதவுகள் பூட்டப்பட்டன. ஒருவரும் உயிரோடு வெளியே வரவில்லை. கொலைகள் வாரக்கணக்கில் நீண்டன; மொத்தம் 20,000 பேர் என்கிறார்கள். தட்டிக்கேட்க வந்த ஷி தாகாய், தைப்பிங்கின் மிகச் சிறந்த தளபதி, இரவோடு இரவாக மதில் தாண்டித் தப்பினார். நகரத்திலிருந்த அவர் குடும்பம் தப்பவில்லை. நவம்பரில் ஹோங் வெய்யையும் கொன்று தலையை ஷிக்கு அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு ஷியும் மனம் வெறுத்துப் பெரும்படையோடு பிரிந்துபோனார்.

அந்த அக்டோபரில் பிரிட்டன் குவாங்சோவில் இரண்டாம் அபினிப் போரைத் தொடங்கியிருந்தது. 1860இல் பேரரசர் பெய்ஜிங்கை விட்டு ஓடும் வரை அந்தப் போர் நீண்டது. சிங் அரசு இரண்டு பக்கமும் அடிவாங்கிக்கொண்டிருந்த அந்த நான்கு ஆண்டுகளில், நாஞ்சிங்கில் யாங்கும் ஷியும் இருந்திருந்தால் சிங் மிஞ்சியிருக்காது என்பதே என் முடிவு. 1853இன் பனியைவிட 1856இன் அந்த விடியற்காலையே பெரிய திருப்பம்.

மணியோசை

சரி, யாங் முந்திக்கொண்டு ஜெயித்திருந்தால்? முதல் பலி ஹோங்தான் ஆகியிருப்பார். ஹான் லின்அருக்குக் கவிழ்ந்தது போல ஒரு படகு அவருக்கும் கவிழ்ந்திருக்கும். பெய்ஜிங் விழுந்ததும் பிதா பேசுவதை நிறுத்தியிருப்பார். தன் அரியணையைத் தட்டிப்பறிக்க இன்னொருவன் வாயிலும் அவர் இறங்கலாம் என்று யாங்கைவிட யாருக்குத் தெரியும்? இனி எவர் வாயிலாவது பிதா பேசினால் தலை போகும் என்று மிங் சட்டத்தைப் போல ஒன்று வந்திருக்கும்.

வேதாகமம் இருந்திருக்கும். தைப்பிங் நாஞ்சிங்கில் நடத்திய அரசுத் தேர்வுகளில் அதிலிருந்து கேள்விகள் வந்தன. நான் இதைத்தான் அதிகம் யோசிக்கிறேன். சுஜோவின் நிலக்கிழார் வீட்டுப் பையன், மென்சியஸை மனப்பாடம் செய்த அதே திண்ணையில் யாத்திராகமத்தை மனப்பாடம் செய்திருப்பான். பத்துக் கட்டளைகளுக்குப் பத்தி பிரித்து உரை எழுதி அதிகாரி ஆகியிருப்பான். இரண்டு தலைமுறையில் அது இன்னொரு பாடத்திட்டம். அதில் நான்கு முறை தோற்ற யாரோ ஒரு ஹக்கா இளைஞன் காய்ச்சலில் படுத்து வேறொரு கனவு கண்டிருப்பான்.

மாறியிருக்கக் கூடியவை வேறு. பாதம் கட்டுவதைத் தைப்பிங் தடை செய்தது; ஹக்கா பெண்கள் முன்பே கட்டாத பாதத்தோடு வயலில் இறங்கியவர்கள். ஆண் பெண் இருவருக்கும் நபருக்கு இவ்வளவு என்று நிலம் பங்கிடும் திட்டம் 1853இல் எழுதப்பட்டது. அது பெரும்பாலும் தாளிலேயே நின்றுவிட்டது. 1859இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஹோங்கின் உறவினர் ஹோங் ரென்கான், ரயில், நீராவிக் கப்பல், வங்கி, தபால், செய்தித்தாள் என்று ஒரு முழுத் திட்டத்தை அரசர் முன் வைத்தார். ஜப்பானின் மெய்ஜி சீர்திருத்தத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு இது. படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. ஆனால் செய்து முடிக்க ஆட்கள் 1856லேயே செத்துப்போயிருந்தார்கள்.

அபினியையும் விடமுடியாது. தைப்பிங் அதை அடியோடு தடை செய்தது. சிங் அரசோ 1858இல் ‘அந்நிய மருந்து’ என்ற பெயரில் வரி போட்டு அனுமதித்துவிட்டது. அந்த அபினி பீகாரிலும் மால்வாவிலும் விளைந்தது. இந்தியாவை ஆண்டவர்களின் கஜானா அதை நம்பி இருந்தது. 1860 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் பிரிட்டிஷ் படைகள் வடக்கே தாகு கோட்டைகளில் சிங் அரசைத் தாக்கின. தெற்கே ஷாங்காய் வாசலில், சிலுவையைச் சொல்லிக்கொண்டு வந்த தைப்பிங் படையைச் சுட்டு விரட்டின. பணிய வைத்த பேரரசர்தான் அவர்களுக்கு வசதி. ஆகவே யாங் ஜெயித்திருந்தாலும் மூன்றாம் அபினிப் போர் ஒன்று நடந்திருக்கும். சீனா அதில் தோற்றிருக்குமா என்பதுதான் எனக்குப் பிடிபடாமலே நிற்கிறது.

மஞ்சுக்களை மறந்துவிட்டு இதையெல்லாம் பேசக்கூடாது. 1853இல் நாஞ்சிங் விழுந்த நாட்களில் அங்கிருந்த மஞ்சுக் குடியிருப்பில் பெண்களையும் குழந்தைகளையும் ‘பேய்கள்’ என்று ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். பெய்ஜிங் விழுந்திருந்தால் அது இன்னும் பெரிதாக நடந்திருக்கும். தாத்தா சொன்ன மணி அந்தத் தெருக்களின் மேல்தான் அடித்திருக்க வேண்டும்.

இன்று பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்தின் நினைவுத்தூணில் ஜிந்தியான் எழுச்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே அது விவசாயப் புரட்சி. தோற்றவர்களைக் கொண்டாடும்போதும் அவர்களுடைய பிதாவை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவையும் தாத்தாவிடம் முழுதாகச் சொல்ல வாய்க்கவில்லை. கல்லூரி விடுமுறை ஒன்றில் முடிவை மட்டும் சொன்னேன். 1864இல் நாஞ்சிங் முற்றுகையில் பட்டினி வந்தபோது ஹோங் புல் பூண்டுகளைப் பறித்து ‘இனிய பனி’ என்று பெயரிட்டு, இதுவே கடவுள் தந்த மன்னா என்று தானே முதலில் சாப்பிட்டுக் காட்டினார். ஜூன் முதல் தேதி இறந்தார். ஜூலையில் நகரம் விழுந்தது. தாத்தா வெகுநேரம் பேசவில்லை. மணியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். “அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?” என்று கேட்டார்.

யாரும் கொடுக்கவில்லை என்றேன். 1847இல் குவாங்சோவில் இசக்கர் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாப்டிஸ்ட் மிஷனரியிடம் சில மாதங்கள் தங்கி வேதம் படித்தார். ஞானஸ்நானம் கேட்டவர், அதற்குப் பின் பிழைப்புக்கு உதவி கிடைக்குமா என்றும் கேட்டுவிட்டார். பணத்துக்காக வருகிறான் என்று சந்தேகப்பட்டு மிஷனரி தள்ளிப்போட்டார். ஹோங் கிளம்பி மலைக்குப் போய்விட்டார்.

தாத்தா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “நான்கு தடவை பெயில் ஆனவன் பிழைப்பைப் பற்றித்தானே ஐயா கேட்பான்” என்றார். “இன்னும் இரண்டு மாதம் சோறு போட்டு வைத்திருக்கலாம்.”